தரவுத்தளத்தில் வேலைநாள், அரைநாள் கணக்கீடு

இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்ட காலத்தில் வார ஓய்வையும் பொது விடுமுறையையும் நீக்கி, அரைநாட்களை அவற்றின் அளவில் சேர்த்து, வேலைநாட்களைக் கண்டறிவது வேலைநாள் கணக்கீடு. சம்பளம், விடுப்பு இருப்பு, ஒப்பந்தக் கெடு ஆகியவை இதைச் சார்ந்தவை. ஒரு தேதி வேலைநாளா என்பதை முடிவு செய்வது அரசாணையும் நிறுவன விதியும்தான். எனவே வேலைநாளைச் சூத்திரத்தில் அடக்காமல் தரவாகச் சேமிப்பதே நம்பகமான வழி.

சூத்திர முறை

மொத்த நாட்களை 7-ஆல் வகுத்து, ஈவை 5-ஆல் பெருக்கி, மீதி நாட்களைத் தனியே பார்த்துக் கூட்டுவது எளிய முறை. இதில் இரண்டு இடங்களில் பிழை நேர்கிறது. முதலாவது, எல்லைத் தேதிகள். எக்செலின் ‘நெட்வொர்க்டேஸ்’ தொடக்க நாள், முடிவு நாள் இரண்டையும் எண்ணும். தேதியிலிருந்து தேதியைக் கழித்தாலோ ஒரு நாள் குறையும். இரண்டாவது, கிழமை எண். மைஎஸ்க்யூஎல்லின் ‘டேஆஃப்வீக்’ ஞாயிறுக்கு 1 தரும். அதே மென்பொருளின் ‘வீக்டே’ திங்களுக்கு 0 தரும். எஸ்க்யூஎல் சர்வரில் ‘டேட்ஃபர்ஸ்ட்’ அமைப்பு மாறினால் கிழமை எண்ணும் மாறிவிடும்.

நாட்காட்டி அட்டவணை

ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வரிசை, அதில் கிழமை, விடுமுறைப் பெயர், வேலை அளவு (1, 0.5, 0) ஆகிய புலங்கள். இத்தகைய அட்டவணை இருந்தால் வேலை அளவைக் கூட்டினாலே விடை கிடைத்துவிடும். பல கிளைகள் உள்ள நிறுவனத்தில் ஊர்க் குறியீடும் சேரும்.

சூத்திரத்தைவிட இத்தகைய அட்டவணை நம்பகமானது என்பதற்கு ஐக்கிய அரபு அமீரகம் நல்ல சான்று. அங்கே வெள்ளி, சனி வார ஓய்வாக இருந்தன. 2022 தொடக்கத்திலிருந்து கூட்டரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு ஓய்வாகவும், வெள்ளி அரைநாளாகவும் ஆயின. 2022 ஜனவரியைப் பழைய விதிப்படி எண்ணினால் 22 நாட்கள். சனி, ஞாயிறை மட்டும் நீக்கினால் 21. நான்கு வெள்ளிக்கிழமைகளையும் அரைநாளாகக் கொண்டால் 19. மூன்றாவதே சரியான விடை.

அரைநாள் விடுப்பு

முழுநாட்களை எண்ணிவிட்டுக் கடைசியில் 0.5-ஐக் கழிப்பது தவறான விடை தரலாம். நண்பகலோடு வேலை முடியும் வெள்ளியன்று பிற்பகல் விடுப்புக்கு விண்ணப்பித்தவருக்கு விடுப்பில் எதுவும் குறையக் கூடாது. ஒவ்வொரு தேதியையும் முற்பகல், பிற்பகல் என இரண்டு வரிசைகளாகப் பிரித்தால் இந்தச் சிக்கல் தீரும். விடுப்புக் காலத்துக்குள் அடங்கும் வேலைப் பொழுதுகளை எண்ணி, 2-ஆல் வகுக்க வேண்டும். வேறு விடுமுறை இல்லாத வாரத்தில் திங்கள் பிற்பகல் முதல் புதன் முற்பகல் வரை நான்கு பொழுதுகள். அதாவது 2 நாட்கள்.

அரைநாள் என்பது எப்போதும் மணிக்கணக்கில் சரிபாதி ஆகாது. அமீரகக் கூட்டரசு அலுவலகங்களில் 2022-இல் அமலான நேரப்படி மற்ற வேலைநாட்களில் காலை 7.30 முதல் 3.30 வரை 8 மணி நேரம். வெள்ளியன்று 12 வரை 4.5 மணி நேரம். மணிக்கூலி கணக்கிட வேலை நேரத்தைத் தனிப் புலமாக வைக்க வேண்டும்.

திரள் கூட்டல்

ஒவ்வொரு வரிசையிலும் அதுவரையான வேலைநாட்களின் கூட்டுத்தொகையைச் சேமித்தால், நெடுங்காலக் கணக்கும் ஒரே கழித்தலில் முடியும். ‘பத்தாவது வேலைநாள் எது’ என்ற தேடலும் எளிதாகும். ஆனால் பிறை பார்த்து அறிவிக்கப்படும் பெருநாள் போல ஒரு விடுமுறை தள்ளிப்போனால், அத்தேதி முதல் கூட்டுத்தொகையைப் புதுப்பிக்க வேண்டும்.

விதி மாற்றம்

இந்திய வங்கிகளுக்கு ஒருகாலத்தில் சனிக்கிழமை அரைநாள். 2015 செப்டம்பர் 1 முதல் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறையாகவும், மற்றவை முழு வேலைநாளாகவும் மாறின. இவ்விதியைக் கிழமையைப் பார்க்கும் நிரல்வரியாக எழுதினால், 2014-ஆம் ஆண்டுக் கணக்கை மீண்டும் ஓட்டும்போது விடை மாறிவிடும். அட்டவணையில் புதிய விதி அமலுக்கு வந்த நாள் முதலான வரிசைகள் மட்டுமே திருத்தப்படுகின்றன. அதற்கு முன் வழங்கப்பட்ட சம்பளத்தின் கணக்கு எப்போது ஓட்டினாலும் அதே தொகையைத் தரும்.