நூறு ஆண்டு யாருடைய வீட்டில்?

திருகோணமலை மாவட்டத்தில் பல வீடுகளின் முன்சுவரில் மாலையோடு தொங்கும் நினைவுப்படம் மூலப்படம் அல்ல. 1990இன் இடப்பெயர்விலோ 2004இன் ஆழிப்பேரலையிலோ ஆல்பம் போயிருக்கும். உறவுக்காரர் கையில் எஞ்சிய சிறு படத்தை, சில வேளை அடையாள அட்டைப் படத்தை, ஸ்டூடியோக்காரர் ஸ்கேன் செய்து, கீறல் அழித்து, பெரிதாக்கி, இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்துக் கொடுத்திருப்பார். இப்படி ஒரு படம் மட்டுமே உள்ள வீட்டில் "இது எத்தனை வருஷம் நிற்கும்?" என்பது கலைக்கூடக்காரர் கேட்கும் கேள்வியைவிடக் கனமானது. விடையாகக் கடைக்காரர் காட்டுவது மைப்பெட்டியிலோ கடதாசிப் பெட்டியிலோ அச்சிட்டிருக்கும் "100 ஆண்டு".

அந்த நூறு எங்கிருந்து வருகிறது என்று தேடினால் இரண்டு அமெரிக்கர்களிடம் போய் நிற்போம். ஒருவர் அயோவா மாநிலத்தின் கிரினெல் என்ற சிற்றூரில் ஆய்வுக்கூடம் வைத்திருந்த ஹென்றி வில்ஹெல்ம். மற்றவர் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஆர்டன்பேர்க் இமேஜிங் அண்ட் ஆர்கைவ்ஸ் என்ற ஆய்வகத்தை 2007இல் தொடங்கிய மார்க் மக்கோர்மிக்-குட்ஹார்ட். இங்க்ஜெட்டில் கலைத்தரமான அச்சு எடுப்போரின் உலகத்துக்கு எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தவர்களில் இவ்விருவருக்கும் முதல் வரிசையில் இடம் உண்டு. ஒரு காலத்தில் சேர்ந்து வேலை செய்தவர்கள். இங்க்ஜெட் அச்சின் ஆயுளைப் பழைய வண்ணப்படங்களோடு ஒப்பிட்டு 2000ஆம் ஆண்டில் கூட்டாகக் கட்டுரையும் எழுதியவர்கள். பிறகு பிரிந்த வழிகள்தான் நமக்கு முக்கியம்.

வில்ஹெல்ம் 1960களில் அமெரிக்க அரசின் பீஸ் கோர் அமைப்பின் தொண்டராகப் பொலிவியாவில் இருந்தவர். ஈரமும் வெப்பமும் புகைப்படத்தை என்ன செய்யும் என்பதை அங்கே கண்ணால் கண்டவர் என்பதால் எங்கள் பக்கத்து வாசகருக்கு அவரிடம் ஒரு தனி ஒட்டுதல் வரும். 1966இல் புகைப்படக் கலைஞர் அன்சல் ஆடம்ஸிடம் உதவியாளராகச் சில காலம் இருந்தார். கறுப்பு-வெள்ளை அச்சில் இரசாயன எச்சம் தங்காமல் கழுவும் தொட்டிகளைத் தயாரித்து விற்றார். பின்னர் வண்ணப்படத்தின் பக்கம் திரும்பி, துணைவியார் கரோல் பிரவரின் பங்களிப்போடு 1993இல் 744 பக்கப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். கொடாக் நிறுவனம் 1942 முதல் 1953 வரை விற்ற கொடாகலர் அச்சுகள் ஏறத்தாழ முழுவதுமாகக் கெட்டுப்போனதை "முற்றாகத் தொலைந்த காலம்" என்று அந்த நூலில் பெயர் சொல்லி எழுதினார். பெரிய கம்பனிகள் தங்கள் பொருளின் ஆயுளைப் பற்றி வாயே திறக்காத காலம் அது. வாய் திறக்க வைத்தவர் இவர். இந்த ஒன்றை மறந்துவிட்டு இவரைக் குறை சொல்லப் புறப்படுவது நியாயமில்லை.

இங்க்ஜெட் கலையச்சு 1990களின் தொடக்கத்தில் பிறந்தபோது அவர் அங்கேயும் இருந்தார். பாடகர் கிரஹாம் நாஷும் அவர் தோழர் மக் ஹோல்பேர்ட்டும் 1991இல் கலிபோர்னியாவில் நாஷ் எடிஷன்ஸ் அச்சகத்தைத் திறந்தார்கள். அவர்களிடம் இருந்த ஐரிஸ் 3047 இங்க்ஜெட் இயந்திரத்தின் விலை ஒரு லட்சம் டொலருக்கு மேல். தடித்த ஓவியக் கடதாசி போவதற்காக அதன் உறுப்பை அறுத்து மாற்றியவர்கள் அவர்கள். உத்தரவாதம் அதோடு போயிற்று. அச்சு அழகாக வந்தது. ஆனால் அந்த ஆரம்பகால மைகள் சில ஆண்டுகளிலேயே வெளிறிவிடும் என்று காட்டியவை வில்ஹெல்மின் சோதனைகள். அதன் பிறகுதான் நிலைத்து நிற்கும் மையைத் தேடும் ஓட்டம் தொடங்கியது.

அவர் தந்த அளவுகோல் ஆண்டுக்கணக்கு. அச்சைக் கண்ணாடிக்குள் சட்டமிட்டு, கடும் ஒளியில் வைத்து, நிறம் இவ்வளவு குறையும்வரை எவ்வளவு ஒளி பட்டது என்று பார்ப்பார். பிறகு அதை வீட்டுக் கணக்குக்கு மாற்றுவார்: ஒரு வீட்டில் நாளுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் வெளிச்சம், 24 பாகை செல்சியஸ் வெப்பம், 60 சதவீத ஈரப்பதம். அப்படிப் பார்த்தால் இத்தனை ஆண்டு. எவருக்கும் உடனே விளங்கும் எண். விற்பவருக்கும் வசதி.

வசதிதான் சிக்கலும். கொடாக் தன் சோதனையில் 450க்குப் பதில் 120 லக்ஸ் என்று எடுத்துக்கொண்டது. அதே அச்சு, அதே மை, ஆயுள் மட்டும் 3.75 மடங்கு கூடிவிட்டது! வில்ஹெல்ம் இதை எதிர்த்தார், சரியாகவே எதிர்த்தார். ஆனால் 450 லக்ஸும் ஒரு வீட்டைப் பற்றிய ஊகம்தானே. யாருடைய வீடு?

2000ஆம் ஆண்டு நடந்ததை இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்னும் பேசுகிறார்கள். எப்சன் நிறுவனம் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 என்ற இரண்டு பிரிண்டர்களை வெளியிட்டது. பளபளப்பான கடதாசியில் அச்சிட்டால் சுமார் 10 ஆண்டு நிற்கும் என்ற கணக்கோடு விளம்பரம் வந்தது. வாங்கியவர்கள் சிலரின் படங்கள் சில நாட்களில், சில வாரங்களில் செம்மஞ்சளாகிப் போயின. வேறு சிலருக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஒரே பிரிண்டர், ஒரே கடதாசி, ஒரே மை. ஊர் மட்டும் வேறு. நிறுவனத்துக்குப் புரியும் முன்பே பயன்படுத்தியவர்கள் தங்களுக்குள் பேசி, வீட்டுச் சோதனைகள் செய்து காரணத்தை நெருங்கினார்கள். காற்றில் இருக்கும் ஓசோன் வாயு கடதாசியின் நுண்துளைப் பூச்சுக்குள் புகுந்து நீலப்பச்சைச் சாயத்தைத் தின்றுவிடுகிறது. நீலப்பச்சை போனால் மிஞ்சுவது செம்மஞ்சள். கண்ணாடிக்குள் அடைத்த படத்துக்கு இது நேராது. ஆகவே கண்ணாடிக்குள் வைத்துச் செய்த வில்ஹெல்மின் சோதனையிலும் இது தெரியவில்லை.

வில்ஹெல்ம் இதிலிருந்து பாடம் எடுத்துக்கொண்டார். அவரது அட்டவணையில் பின்னர் கண்ணாடி இல்லாத நிலை, இருட்டில் வைக்கும் நிலை, ஓசோன், ஈரப்பதம், நீர் என்று நிரல்கள் கூடின. ஆனால் பெட்டிமேல் அச்சாகி வெளியே வருவது ஒரே எண்தான். மற்ற நிரல்களைத் தேடிப் படிப்பவர் எத்தனை பேர்?

மக்கோர்மிக்-குட்ஹார்ட் இதற்கு எதிர்முனையில் இருந்து தொடங்கினார். ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் புகைப்பட ஆய்வு விஞ்ஞானியாக இருந்தவர். அருங்காட்சியகக்காரரின் கண் அவருக்கு. ஆண்டு என்று அவர் சொல்வதில்லை. மெகாலக்ஸ்-மணி, அதாவது பத்து லட்சம் லக்ஸ்-மணி, என்கிறார்: இந்த அச்சு இவ்வளவு ஒளியைத் தாங்கும், உன் சுவரில் அது எத்தனை ஆண்டு என்பதை நீயே கணக்குப் பார்.

பார்ப்போம். வில்ஹெல்மின் வீட்டில் ஓர் ஆண்டுக்கு விழும் ஒளி 450 × 12 × 365, அதாவது கிட்டத்தட்ட 2 மெகாலக்ஸ்-மணி. 100 மெகாலக்ஸ்-மணி தாங்கும் அச்சு அங்கே சுமார் 50 ஆண்டு நிற்கும். 50 லக்ஸில் நாளுக்கு 10 மணி நேரம் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகத்தில் அதே அச்சு 500 ஆண்டைத் தாண்டும். இனி திருகோணமலை உவர்மலையில் கடலைப் பார்த்த ஒரு விறாந்தையை எடுங்கள். நேர்வெயில் படாத சுவர், நாளுக்கு 10 மணி நேரம், 2000 லக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7.3 மெகாலக்ஸ்-மணி. 14 ஆண்டுக்குள் கதை முடிந்துவிடும். கைபேசியில் இருக்கும் ஒளிமானிச் செயலி துல்லியமில்லாதது. ஆனாலும் 200 லக்ஸா 2000 லக்ஸா என்று சொல்ல அது போதும். வெளிநாட்டு வரவேற்பறைக்காகப் போட்ட கணக்கை இங்குள்ள டைக் வீதி வீட்டுக்கு மாற்றிக்கொள்ள இந்த முறை வழிவிடுகிறது. இதனால்தான் இருவரில் எனக்கு மக்கோர்மிக்-குட்ஹார்ட் ஒரு படி மேல்.

இன்னொரு வேறுபாடு எண்ணில் தெரியாது. வில்ஹெல்மின் சோதனை எங்கே முடிகிறது என்று பார்த்தால், நிறத்துக்கு நிறம் 20 முதல் 35 சதவீதம்வரை அடர்த்தி இழக்க இடம் இருக்கிறது. சாதாரண வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்ளும் எல்லை அது. மக்கோர்மிக்-குட்ஹார்ட் கேட்டது வேறு: மாற்றம் கண்ணுக்குப் படாமல் எதுவரை இருக்கும்? அதற்காக ஐ-ஸ்டார் என்ற அளவீட்டை உருவாக்கினார். தோல் நிறத்தையும் சாம்பல் நிறத்தையும் தனியே கவனித்தார். கடதாசியையும் விடவில்லை. வெள்ளை வெளேரென்று தெரிவதற்காகச் சேர்க்கும் ஒளிர்விப்பான் இரசாயனம் ஒளியில் செயலிழந்து கடதாசி மஞ்சளிப்பதை அவர் மாதிரிகள் மீண்டும் மீண்டும் காட்டின. விலை கூடிய பருத்திக் கடதாசி வாங்கிய கலைஞர்களுக்கு அது இனிக்கவில்லை. இறந்தவரின் முகத்தில் தோல் நிறம்தான் முதலில் உறுத்தும் என்பது நினைவுப்படம் அடிக்கும் எவருக்கும் தெரியும்; இங்கேயும் இவரது அளவுகோல்தான் பொருந்துகிறது.

பணம் வந்த வழியும் வேறு. வில்ஹெல்மின் நிறுவனத்துக்குப் பெருவருவாய் பிரிண்டர் கம்பனிகள் கொடுத்த சோதனை வேலையிலிருந்து. ஆர்டன்பேர்க் கலைஞர்களின் சந்தாவில் நடந்தது. உறுப்பினர்கள் தாங்களே அச்சிட்ட வண்ணக்கட்ட மாதிரிகளை அனுப்பினார்கள். எந்தக் கம்பனியும் சோதிக்கக் கொடுக்காத கலவைகள், ஒருவரின் மை வேறொருவரின் கடதாசியில், கரி மை, மாற்று மை எல்லாம் அதனால் உள்ளே வந்தன. வில்ஹெல்ம் விலைபோனார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மலிவான மாற்று மைகளைச் சோதித்து, அவை மிக விரைவில் வெளிறுகின்றன என்றும் அவர் வெளியிட்டார். அது கம்பனிகளுக்கு உதவியது என்பதால் பொய்யாகிவிடாது. ஆனால் எதைச் சோதிப்பது என்ற தேர்வு பெரும்பாலும் அவர் கையில் இல்லை. சந்தாவில் ஓடியவருக்கோ பணம் எப்போதும் சிறியது, மாதிரிகள் வந்து சேர்வதும் உறுப்பினரின் ஆர்வத்தைப் பொறுத்தது.

கடைசியில் ஈரம். இங்கே வில்ஹெல்ம் திரும்ப முன்னால் வருகிறார், நாங்களும் அவரிடம் திரும்ப வேண்டும். மெகாலக்ஸ்-மணி ஒளியை மட்டும் எண்ணுகிறது. மார்கழியில் வாடைக்காற்றோடு மழை பிடித்தால் இங்கே வீட்டுக்குள்ளேயே ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். மையை ஏற்று வீங்கும் பூச்சுள்ள கடதாசி ஒருவகை உண்டு. சாயமையை அது பொதிந்து வைத்துக்கொள்வதால் ஓசோனுக்குப் பயமில்லை. எச்பி நிறுவனம் 73 ஆண்டு என்று பெருமையாகச் சொன்னது இவ்வகைக் கடதாசியை வைத்துத்தான். ஆனால் அதே பூச்சு ஈரக்காற்றில் இளகி, மை கசிந்து, கோடுகள் தடிக்கும். நுண்துளைக் கடதாசி ஈரத்தைத் தாங்கும், ஓசோனிடம் தோற்கும். சாயமையோடு இருக்கும்வரை இரண்டில் ஒன்றிடம் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். சாயத்துக்குப் பதில் நிறத்துகள்கள் கொண்ட நிறமி மையும் பருத்திக் கடதாசியும் கண்ணாடியும் சேர்ந்தால் இரண்டிலிருந்தும் பெரும்பாலும் தப்பலாம். அப்போதும் கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது, இடையில் மட்டைச் சட்டம் வேண்டும். எங்கள் ஸ்டூடியோக்களில் பலர் செலவு பார்த்து விட்டுவிடுவது இதைத்தான்.

பெட்டியிலுள்ள ஆண்டுக்கணக்கு 60 சதவீத ஈரப்பதத்துக்கு உரியது. வில்ஹெல்மின் அட்டவணையில் ஈரப்பத நிரலுக்கு எண்கூட இல்லை, அதிகம், நடுத்தரம், குறைவு என்ற சொற்கள்தான். கிண்ணியாவிலோ மூதூரிலோ கடை வைத்திருப்பவர் பார்க்க வேண்டிய முதல் நிரல் அது. அதற்குப் பிறகு சுவரின் லக்ஸை அளந்து ஆர்டன்பேர்க் கணக்கைப் போடலாம். பழைய சிறுபடத்தை வாடிக்கையாளரிடம் திருப்பிக் கொடுத்து, தகரப் பெட்டியிலோ காற்றுப்புகாத உறையிலோ இருட்டில் வைக்கச் சொல்ல வேண்டும். ஸ்கேன் செய்த கோப்பையும் கூடவே கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் சுவரில் இருப்பதை இன்னொரு தடவை அடிக்க வேண்டி வரும்.