பேர்லினில் மறைந்த அகதிகளின் தேவாலயம்



பேர்லின் நகரில், செக்பொயின்ற் சார்ளியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சிறு சதுக்கம் இருக்கிறது. அதன் தரையில், வேறு நிறக் கற்களால் ஒரு கட்டடத்தின் அடித்தள வடிவம் பதிக்கப்பட்டுள்ளது. அங்கே நின்றது பெத்லகேம் தேவாலயம். அகதிகளுக்காகவே கட்டப்பட்டது என்பதால் அதன் கதை நமக்கு அந்நியமானதல்ல.

1620இல் நடந்த வெள்ளை மலைப் போரில் பொகீமியப் புரட்டஸ்தாந்தினர் தோற்றார்கள். மதம் மாறு, அல்லது நாட்டை விட்டு வெளியேறு என்றது ஹப்ஸ்பேர்க் ஆட்சி. பலர் தலைமுறை தலைமுறையாக மறைவில் வழிபட்டார்கள். 1730களில் ஒரு பகுதியினர் எல்லை கடந்து பேர்லினுக்கு வந்து சேர்ந்தார்கள். பிரஷ்ய மன்னர் முதலாம் பிரெடெரிக் வில்லியம் அவர்களை ஏற்றுக்கொண்டார். அதற்கு இரக்கம் மட்டும் காரணமல்ல. அவருடைய நாட்டுக்கு நெசவாளரும் குடிமக்களும் தேவைப்பட்டார்கள்.

1735 முதல் 1737 வரை, டீட்றிக்ஸ் என்ற கட்டடக் கலைஞர் குவிமாடத்துடன் வட்ட வடிவான பரோக் தேவாலயத்தைக் கட்டினார். அங்கே செக் மொழியில் வழிபாடு நடந்தது.

இந்த அகதிகளின் வழிவந்த யொகான்னஸ் யெனிக்கே, இளமையில் நெசவாளராக இருந்து பின்னர் இத்தேவாலயத்தின் போதகரானார். 1800இல் அவர் பேர்லினில் தொடங்கிய மிஷனரிப் பள்ளியில் படித்தவர்தான் ரேனியஸ் ஐயர். 1814இல் இந்தியா சென்று, பின்பு திருநெல்வேலியில் பணியாற்றிய ரேனியஸ், தமிழ் இலக்கண நூலும் 'பூமிசாஸ்திரம்' என்ற தமிழ் நூலும் எழுதியவர்.

1943 நவம்பரில் விழுந்த குண்டுகளில் தேவாலயம் அழிந்தது. எஞ்சிய இடிபாட்டை 1963இல் கிழக்கு ஜேர்மன் அரசு அகற்றியது. இன்று அந்தச் சதுக்கத்தில், வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களைக் கயிற்றால் உருண்டையாகக் கட்டியதுபோன்ற பெரிய சிற்பம் ஒன்று நிற்கிறது. மூட்டை கட்டிப் புறப்பட்டவர்களுக்கு அதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

நகரின் தெற்கே, 1737இல் பொகீமியர் குடியேறிய றிக்ஸ்டோர்வில் அவர்களின் சந்ததியினர் இன்றும் வசிக்கிறார்கள். அங்குள்ள இடுகாட்டின் பழைய கற்களில் செக் எழுத்துகள் உண்டு. ஆனால் அவர்களின் வீட்டுமொழி எப்போதோ ஜேர்மனாகிவிட்டது.

தேவாலயத்தைக் குண்டு அழித்தது. மொழிமேல் எந்தக் குண்டும் விழவில்லை. வீட்டுக்குள்ளேயே பேச்சு மாறி, சத்தமில்லாமல் போய்விட்டது. கோவில்களும் மண்டபங்களும் கட்டுகின்ற நாம், இதையும் கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.