கீவ் வேறு வேதம் ஏற்றிருந்தால்: வைக்கிங்கரின் மொழியும் மதமும்

‘இப்படி நடந்திருந்தால்?’ என்ற கேள்வியை வரலாற்று ஆசிரியர்கள் பலர் விரும்புவதில்லை. நடந்ததற்கே சான்று தேடி அலைய வேண்டியிருக்க, நடக்காததைப் பற்றி எதை வைத்துப் பேசுவது என்பது அவர்கள் வாதம். ஆனால் ஒரே இனத்தார் ஏறத்தாழ ஒரே காலத்தில் பல நாடுகளில் குடியேறியிருந்தால் நிலைமை வேறு. ஓரிடத்தில் நேர்ந்ததை இன்னோரிடத்தில் நேர்ந்ததோடு ஒப்பிட்டு, எது தவிர்க்க முடியாதது, எது தற்செயலானது என்று பிரித்தறியலாம். இந்த ஒப்பீட்டுக்கு வைக்கிங்கர் மிகவும் ஏற்றவர்கள். 9, 10ஆம் நூற்றாண்டுகளில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கப்பலேறிய இவர்கள், மேற்கே ஐஸ்லாந்து முதல் கிழக்கே நீப்பர் ஆற்றங்கரை வரை நிலம் பிடித்து ஆண்டார்கள்.

எனவே கேள்வியைத் துணிந்தே கேட்கலாம். 988இல் கீவ் அரசர் விளாதிமிர் கிறித்தவத்தை ஏற்றார். அவர் இஸ்லாத்தை ஏற்றிருந்தால்?

கீவ்: பெயர் ஒன்று, தெய்வம் ஒன்று

12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட ரஷ்ய முதன்மை நாளாகமத்தின்படி, 862இல் ரூரிக் என்ற வைக்கிங் தலைவர் வடக்கே ஆட்சிக்கு அழைக்கப்பட்டார். 882இல் அவருக்குப் பின் வந்த ஓலெக் கீவைக் கைப்பற்றினார். 911இல் பைசாந்தியத்தோடு நடந்த உடன்படிக்கையில் கார்ல், வெர்முட் என வரும் தூதர் பெயர்கள் ஸ்காண்டிநேவியப் பெயர்கள். ஆனால் 907ஆம் ஆண்டுக் குறிப்பில் அதே ஓலெக்கின் ஆட்கள் ஆணையிடுவது பெருன், வோலோஸ் என்ற ஸ்லாவியத் தெய்வங்களின் பெயரால். எழுதியவர் பிற்காலத்தவர் என்பதற்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், போக்கு தெளிவாகவே தெரிகிறது.

10ஆம் நூற்றாண்டின் நடுவில் பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் தம் நூலில் நீப்பர் ஆற்றின் பாறை வீழ்ச்சிகளுக்கு ரூஸ் மொழியிலும் (அதாவது வடவர் மொழியிலும்) ஸ்லாவிய மொழியிலுமாக இரு பெயர்களைத் தருகிறார். அப்போது இரண்டு மொழிகளும் புழங்கின. ஆயினும் இகோர், ஓல்கா என்ற ஸ்காண்டிநேவியப் பெயர் தாங்கிய அரச தம்பதியின் மகன் பெயர் ஸ்வியாத்தஸ்லாவ். முழுக்க முழுக்க ஸ்லாவியப் பெயர். அவர் மகன் விளாதிமிர், ஓல்காவின் அரண்மனைப் பொறுப்பாளராயிருந்த மாலூஷா பெற்ற பிள்ளை.

மதத்தின் கதை இவ்வளவு நேர்க்கோட்டில் செல்லவில்லை. ஓல்கா கிறித்தவரானார். மகனோ, படைத்தோழர்கள் நகைப்பார்கள் என்று சொல்லி மறுத்துவிட்டார். விளாதிமிர் முதலில் பெருனுக்குக் கீவில் சிலை எடுத்தார்; பின்னர் பல மதத்தாரின் தூதர்களை வரவழைத்து விசாரித்தார் என்கிறது நாளாகமம். அவர் இஸ்லாத்தை அறிய ஆட்களை குவாரஸ்முக்கு அனுப்பியதாக அல்-மர்வஸி என்ற அறிஞர் எழுதியிருக்கிறார். முடிவைத் தீர்மானித்தது பைசாந்தியத்தின் நெருக்கடி. உள்நாட்டுக் கிளர்ச்சியில் சிக்கிய இரண்டாம் பேசிலுக்குப் படை தேவைப்பட்டது. விளாதிமிர் வீரர்களை அனுப்பினார். கைம்மாறாகப் பேரரசரின் தங்கை ஆனாவை மணந்தார். ஞானஸ்நானம் அந்தத் திருமணத்தின் நிபந்தனை. கிளர்ச்சி எழாமல் இருந்திருந்தால் இந்த ஒப்பந்தமும் இல்லை.

மேற்கே இரண்டு சான்றுகள்

911இல் பிராங்க் அரசர் மூன்றாம் சார்லஸ், ரூவான் நகரைச் சூழ்ந்த நிலத்தை ரோலோ என்ற வைக்கிங் தலைவருக்கு அளித்தார். ரோலோ ஞானஸ்நானம் பெற்றார். அவர் பேரன் ரிச்சர்ட் டேனிஷ் மொழி கற்பதற்காக பாயூ நகருக்கு அனுப்பப்பட்டதாக வரலாற்றாசிரியர் டூடோ எழுதுகிறார். ரூவானில் அம்மொழி அருகிவிட்டதாம். 1066இல் அதே மரபினர் இங்கிலாந்தை வென்றபோது பேசியது பிரெஞ்சு.

கிழக்கு ஆங்கிலியாவில் நடந்தது இன்னும் வியப்பானது. 869இல் அந்நாட்டு அரசர் எட்மண்டை டேனியர் கொன்றனர். 878இல் அவர்களின் தலைவர் குத்ரம், ஆல்ஃப்ரெட் அரசரிடம் தோற்று, அவரையே ஞானத்தந்தையாகக் கொண்டு கிறித்தவரானார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் டேனியர் ஆண்ட அதே மண்ணில், கொல்லப்பட்ட எட்மண்டைப் புனிதர் என்று பொறித்த நாணயங்கள் அச்சிடப்பட்டன.

ஐஸ்லாந்து தரும் திருத்தம்

இவற்றைப் பார்த்து, உள்ளூர்ப் பெண்களை மணந்ததால் பிள்ளைகள் தாய்மொழிக்கு மாறினார்கள் என்று முடிவு கட்டத் தோன்றும். ஐஸ்லாந்து அதைத் தடுக்கிறது. அங்கே குடியேறிய பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பகுதிகளின் வழிவந்தவர்கள் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. இருந்தும் தீவின் மொழி வடவரின் நோர்ஸாகவே நின்றது. காரணம், அது ஏறத்தாழ ஆளில்லாத தீவு. அங்கே தாய்க்கு அவள் மொழி பேசும் ஊர் இல்லை, சந்தை இல்லை, அண்டை வீடு இல்லை. பிள்ளையின் மொழியை முடிவு செய்வது தாய் மட்டுமல்ல, அவளைச் சூழ்ந்த ஊரும்தான்.

அதே ஐஸ்லாந்தில் மதம் மட்டும் ஒரே கூட்டத்தில் மாறியது. 1000ஆம் ஆண்டையொட்டி ஆல்திங் பேரவையில், பழைய சமயத்தவரான சட்டம் உரைப்போர் தோர்கெய்ர், அனைவரும் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார், நாடு ஏற்றது. மொழி அசையாமல் மதம் மட்டும் மாற முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

விடை

இனிக் கேள்விக்கு வருவோம். கீவ் இஸ்லாத்தை ஏற்றிருந்தால் மாறியிருக்கக்கூடியவை பல. பைசாந்தியத் திருமணம் இல்லை. 1051இல் விளாதிமிரின் பேத்தி ஆனா பிரான்சு அரசர் முதலாம் ஹென்றியை மணந்திருக்கவும் வழியில்லை. எழுத்து அரபு எழுத்தாகியிருக்கலாம். ஆனால் மக்கள் மொழி ஸ்லாவியமாகவே இருந்திருக்கும். 922ஐ ஒட்டி இஸ்லாத்தை ஏற்ற வோல்கா பல்கர்கள் தம் துருக்கிய மொழியை விடவில்லை. பிற்காலத்தில் போஸ்னிய முஸ்லிம்கள் தம் ஸ்லாவிய மொழியை அரபு எழுத்தில் எழுதினார்கள்.

குடியேறியவர் சூழ்ந்த ஊரின் மொழிக்கு மாறுவர் என்ற இவ்விதிக்கு எல்லை உண்டு. இங்கிலாந்தை வென்ற நார்மன் பிரபுக்கள் பல தலைமுறைகள் பிரெஞ்சை விடவில்லை. நீதிமன்றங்களில் ஆங்கிலம் பேச வேண்டும் என்ற சட்டம் 1362இல்தான் வந்தது. கடலுக்கு அப்பால் அவர்களுக்கு நிலமும் உறவும் இருந்தன. திருச்சபையிலும் அரசவையிலும் மதிப்புப் பெற்ற மொழி கையில் இருந்தது. கீவிலும் ரூவானிலும் குடியேறிய வடவருக்கு அத்தகைய பக்கபலம் இல்லை.

மதம் அரசவையில் முடிவாவது. ஒரு போரோ ஒரு திருமணமோ அதைத் திருப்பிவிடும். மொழி ஆயிரம் வீடுகளிலும் சந்தைகளிலும் முடிவாவது. அதைத் திருப்ப ஓர் அரசனால் ஆகாது. மாற்று வரலாறு புனைவோர் விளாதிமிருக்கு எந்த வேதத்தையும் கொடுக்கலாம். அவர் பேரப்பிள்ளைகளுக்கு நோர்ஸ் மொழியைக் கொடுக்க முடியாது.