அந்துப்பூச்சி ஒளிப்படவியல்

அந்துப்பூச்சி ஒளிப்படவியல் என்பது அந்துப்பூச்சிகளை அவை வாழும் இடத்திலேயே, பெரும்பாலும் இரவில் விளக்கொளியால் ஈர்த்து, ஒளிப்படம் எடுத்துப் பதிவு செய்யும் முறை ஆகும். இது அண்மை ஒளிப்படவியலின் ஒரு பிரிவு. பொழுதுபோக்காகத் தொடங்குவோர் பலர் எனினும், இனங்களின் பரவலை அறியவும் இப்படங்கள் பயன்படுகின்றன. உலகில் ஏறத்தாழ 1,60,000 அந்துப்பூச்சி இனங்கள் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது.

வரலாறு

முன்னர் ஆய்வாளர்கள் அந்துப்பூச்சிகளைக் கொன்று, ஊசியில் குத்தி, சிறகுகளை விரித்து உலர்த்திப் பாதுகாத்தனர். நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்த ஜார்ஜ் ஹாம்சன், 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட பிரித்தானிய இந்தியாவின் அந்துப்பூச்சிகள் பற்றிய நூல் இத்தகைய மாதிரிகளை அடிப்படையாகக் கொண்டது. எண்ணிம ஒளிப்படக்கருவிகள் பரவிய பின், கொல்லாமல் பதிவு செய்வது எளிதாயிற்று. 2008 இல் தொடங்கப்பட்ட ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பொதுமக்கள் இடம், நாள் விவரங்களுடன் படங்களைப் பதிவேற்றுகின்றனர். 2012 முதல் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் தேசிய அந்துப்பூச்சி வாரம் நடத்தப்படுகிறது. அமெரிக்காவில் தொடங்கிய இந்நிகழ்வில் இந்தியா உள்ளிட்ட பல நாட்டினர் பங்கேற்கின்றனர்.

ஈர்க்கும் முறை

வெள்ளைப் பருத்தித் துணியைத் திரையாகக் கட்டி, அதன்மேல் புற ஊதாக் கதிர் மிகுந்த விளக்கொளி பாய்ச்சப்படுகிறது. நிலவொளியும் காற்றும் குறைந்த, வெப்பமான இரவுகளில் மிகுதியான பூச்சிகள் வரும். இவை ஒளியை விரும்பி வருவதாக நெடுங்காலம் கருதப்பட்டது. அதிவேக ஒளிப்படக்கருவிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2024 இல் வெளியான ஆய்வு, பறக்கும் பூச்சிகள் தம் முதுகை ஒளியின் பக்கம் திருப்புவதைக் காட்டியது. வானின் வெளிச்சத்தைக் கொண்டு மேல், கீழ் அறியும் இவ்வியல்பே அவற்றை விளக்கைச் சுற்றிச் சுழல வைக்கிறது.

ஒளிப்பட நுட்பம்

பூச்சியின் உருவம் உணரியில் அதன் இயல்பளவிலேயே விழும்போது, தெளிவாகத் தெரியும் ஆழம் மிகக் குறைவு. 36 மில்லிமீட்டர் அகல உணரியில், எஃப்/8 துளையில் இது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் மட்டுமே. துளையை மேலும் சுருக்கினால் ஆழம் கூடும். ஆனால் ஒளியின் விளிம்பு விலகலால் படம் மங்கும். எனவே, சிறகுகளின் பரப்புக்கு இணையாகக் கருவியைப் பிடிப்பதே எளிய தீர்வு. பிளாஷ் விளக்கின் முன் மெல்லிய வெண்தாளை வைத்தால் செதில்களின் கூசும் பளபளப்பு குறையும். அளவை அறிய, பூச்சியின் அருகே அளவுகோல் வைப்பது வழக்கம்.

இனங்காணலும் வரம்பும்

உயிருள்ள பூச்சி அமரும் விதம் இனங்காண உதவும் குறிப்பு. உலர்த்திய மாதிரியில் இது மறைந்துவிடும். மறுபுறம், அமர்ந்த நிலையில் முன்சிறகு பின்சிறகை மூடிக்கொள்வதால் தேவையான அடையாளம் படத்தில் கிடைக்காமலும் போகலாம். ஐரோப்பாவில் காணப்படும் அக்ரோனிக்டா சை, அக்ரோனிக்டா டிரைடென்சு ஆகிய இரண்டையும் சிறகுகளைக் கொண்டு உறுதியாகப் பிரித்தறிய இயலாது. இனப்பெருக்க உறுப்புகளை உருப்பெருக்கியில் ஆராய வேண்டும். ஆனால் இவற்றின் புழுக்கள் தெளிவாக வேறுபடுகின்றன. ஆகவே புழுவையும் அது உண்ணும் செடியையும் படமெடுப்பது பதிவின் மதிப்பைக் கூட்டும். ஐயமுள்ளபோது பேரினப் பெயரோடு நிறுத்துவது, தவறான இனப்பெயர் இடுவதைவிடப் பயனுள்ளது.

பூச்சிகளின் நலன்

வளர்ந்த அட்லசு அந்துப்பூச்சி உணவு உண்பதில்லை. புழுப்பருவத்தில் சேமித்த கொழுப்பைக் கொண்டு சில நாட்களே வாழும். இத்தகைய பூச்சிக்கு விளக்கருகே கழியும் ஓரிரவு, இணை சேரவும் முட்டையிடவும் கிடைக்கும் காலத்தில் பெரும்பகுதி ஆகும். விடியும்வரை திரையில் தங்கும் பூச்சிகள் பறவைகளுக்கு எளிதில் இரையாகின்றன. ஆகவே சில மணி நேரத்தில் விளக்கை அணைத்துவிடுவதும், ஒரே இடத்தில் தொடர்ந்து பல இரவுகள் திரை கட்டாதிருப்பதும், எஞ்சிய பூச்சிகளைச் செடிகளின் மறைவில் விடுவதும் பரிந்துரைக்கப்படுகின்றன.