மலையேறிய துவிச்சக்கர வண்டி

மனிதன் ஆக்கிய யந்திரங்களுள் ஏழைக்கு உற்ற தோழனாய் நின்றது துவிச்சக்கர வண்டியே என்று கூறின் மிகையாகாது. அது புல்லுங் கேளாது, பெற்றோலுங் கேளாது. 2022ஆம் ஆண்டில் எரிபொருட் பஞ்சம் நம் நாட்டை வாட்டியபோது, மூலையிற் கிடந்த பழைய சைக்கிள்கள் தூசி தட்டப்பெற்று வீதிக்கு வந்தமையை யாவரும் அறிவர். ஆயினும் யாழ்ப்பாணத்துச் சமநிலத்தில் வீடுதோறும் விளங்கிய இவ்வண்டி நம் மலையகத்தில் அத்துணை வேரூன்றாதது ஏன்? இன்று மலைச் சைக்கிள் வாங்க விரும்பும் நம் வாலிபர் எதனைப் பார்த்து வாங்குதல் வேண்டும்? இவ்விரு வினாக்களுக்கும் சரித்திரமே விடை தருகின்றது. அதனைச் சிறிது ஆராய்வோம்.

1817ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் மரத்தாலான இரு சக்கர வண்டியொன்றைச் செலுத்திக் காட்டினார். அதற்கு மிதிகட்டை இல்லை. காலால் நிலத்தை உந்தியே செல்லவேண்டும். பின்னர் முன்சக்கரம் பென்னம்பெரிதாய் உள்ள வண்டிகள் தோன்றின. அவற்றினின்று விழுந்தவர் பலர் தலைகுப்புறவே விழுந்தனர். 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கொவன்றி நகரத்து ஜோன் கெம்ப் ஸ்டார்லி, ஏறக்குறைய ஒத்த அளவான இரு சக்கரங்களும், பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியும் கொண்ட 'ரோவர்' வண்டியை வெளியிட்டார். இன்றைய சைக்கிளின் உருவம் அதுவே. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த டன்லொப், காற்றடைத்த இறப்பர் டயருக்கு உரிமை பெற்றார்.

அந்த இறப்பரின் கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. பிரேசில் நாட்டு வித்துக்களிலிருந்து இலண்டன் கியூ பூங்காவில் முளைத்த கன்றுகள் 1876இல் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. உலகெங்கும் முதலிற் சைக்கிளும் பின்னர் மோட்டார் வண்டியும் பெருகப் பெருக, இறப்பர்த் தோட்டங்களும் பெருகின. கினிகத்தேனைக்குக் கீழே யட்டியாந்தோட்டைப் பக்கத்தில் விடியற்காலையிற் பால்வெட்டச் சென்ற நம்மவரின் உழைப்பும் உலகத்து டயர்களுக்குள் அடங்கியிருக்கின்றது.

ஆனால் நம் நாட்டுக்கு வந்த ராலே, ஹம்பர் முதலிய வண்டிகள் சமவெளிக்கென்றே ஆக்கப்பட்டவை. பெரும்பாலானவற்றுக்குக் கியர் ஒன்றுதான், டயரோ ஒடுங்கியது, பிரேக் கட்டையோ இரும்பு வளையத்தை உரசி நிறுத்துவது. அவ்வளையம் நனைந்தால் பிடிப்புக் குன்றிவிடும். ஏற்றத்தில் வண்டியை உருட்டிக்கொண்டு நடக்கவேண்டும். இறக்கத்தில் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மலையகம் சைக்கிளை வெறுக்கவில்லை. சைக்கிள் இன்னும் மலைக்கு ஏற்றதாய் வளரவில்லை என்பதே உண்மை.

கரடுமுரடான வழியில் சைக்கிளோட்டும் முயற்சி பழையதே. 1897இல் அமெரிக்கக் கறுப்பினப் படைவீரர் சிலர் மொன்டானாவிலிருந்து சென் லூயி நகர்வரை 1,900 மைல் தூரத்தைச் சைக்கிளிற் கடந்தனர். எனினும் மலைச் சைக்கிளின் பிறப்பிடமாகப் போற்றப்படுவது கலிபோர்ணியாவின் மரின் பகுதியாகும். 1976ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி அங்குள்ள வாலிபர்கள் பழைய தடித்த டயர் வண்டிகளில் ஏறி, ஏறக்குறைய 2 மைல் தூரத்தில் 1,300 அடி இறங்கும் மண்பாதையொன்றிற் போட்டி நடத்தினர். அவர்தம் வண்டிகளின் பிரேக் பின்சக்கரத்துக் குடத்தினுள்ளே இருந்தது. இறங்கி முடிவதற்குள் அது கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் புகையாய்ப் போய்விடும். மறுபடியும் கிரீஸ் அடைத்தே வண்டியை எடுக்கவேண்டும். ஆகவே மீண்டும் அடைத்தல் என்னும் பொருளில் அப்போட்டிக்கு 'ரீபாக்' என்றே பெயர் வழங்கலாயிற்று.

அக்குழுவினருள் ஒருவரான ஜோ பிரீஸ், மலைக்கென்றே புதிதாய் ஒரு வண்டியை 1977இற் கட்டினார். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் கம்பனியின் ஸ்டம்ப்ஜம்பர் கடைகளுக்கு வந்தது. 1990இல் உலகப் போட்டியும், 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடமும் இவ்விளையாட்டுக்குக் கிடைத்தன.

இச்சரித்திரம் புகட்டும் பாடம் யாது? மலைச் சைக்கிளைத் தோற்றுவித்தவர்கள் முதலில் எதிர்ப்பட்ட இடர், வேகமாய் ஓடுவதெப்படி என்பதன்று, நிற்பதெப்படி என்பதே. ஆகவே வாங்கச் செல்பவன் முதலிற் சோதிக்கவேண்டியது பிரேக். நம் அயலிலுள்ள வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. இத்தகைய ஈரமண்ணில், சக்கரத்தின் நடுவே சேற்றுக்கு எட்டத் தட்டுடன் அமைந்த டிஸ்க் பிரேக்கே சிறந்தது. இரண்டாவது டயர்: 2 அங்குலத்துக்குக் குறையாத அகலமும் ஆழமான பற்களும் வேண்டும். மூன்றாவது, ஏற்றத்துக்கு ஏற்ற இலகுவான கியர். நான்காவது அளவு: வண்டியின் நடுச்சட்டத்தின்மேல் இருகாலையும் ஊன்றி நின்றால் இரண்டங்குல இடைவெளியேனும் இருத்தல் நன்று. சுருள்வில் பொருத்திய முன்கவர் இறுதியிலே பார்க்கவேண்டியது. மலிவான வண்டியில் அது பாரத்தைக் கூட்டுமேயன்றிப் பயன் பெரிதுந் தராது. தடித்த டயரும் பளபளப்பான வில்லும் இருந்தமட்டில் ஒன்று மலைச் சைக்கிள் ஆகிவிடாது. மின்னுவதெல்லாம் பொன்னன்று.

இனித் தலைக்கவசம். 1975இல் அமெரிக்காவின் பெல் கம்பனி, கடின ஓட்டினுள் நுரைப்பஞ்சு வைத்த சைக்கிட் கவசத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எனினும் பெருவீரர் பலர் நெடுங்காலம் அதனை அசட்டை செய்தனர். 2003ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், பாரிஸ்–நீஸ் பந்தயத்திற் கவசமின்றி ஓடிய கசாக்ஸ்தான் வீரர் அந்திரெய் கிவிலெவ் வீழ்ந்து மாண்டார். அதன் பின்னரே, அவ்வாண்டு மே மாதத்தில், உலகச் சைக்கிட் சங்கம் பந்தயங்களிற் கவசத்தைக் கட்டாயமாக்கிற்று. ஓர் உயிரைக் கொடுத்துப் பெற்ற விதி அது! 'தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்' என்று இருத்தல் விவேகமாகுமா?

கவசத்தில் ஈ.என். 1078 போன்ற தரமுத்திரை உண்டா எனப் பார்த்தல் வேண்டும். அது புருவத்துக்கு இருவிரல் மேலே மட்டமாய் நிற்கவேண்டும். நாடிவாருக்குள் ஒரு விரலே நுழையவேண்டும். உள்நுரை ஒருமுறை நசுங்கியே தலையைக் காக்கின்றது. ஆதலால் ஒரு பெருவிழுகை கண்ட கவசத்தை மீண்டும் அணிதல் ஆகாது. பிறர் பாவித்ததை வாங்குதலும் ஆகாது. மோட்டார் சைக்கிட் கவசம் பாரமானது. மிதித்து ஏறுபவனைப் புழுக்கத்தால் வாட்டும். கையுறையும் முழங்காற் காப்பும் கண்ணாடியும் நமக்கு ஆடம்பரமல்ல. கவ்வாத்து வெட்டிய மலையில் விழுந்தவனுக்கு அந்தத் தேயிலைக் கட்டைகளின் கூர்மை தெரியும்.

காப்பிக்கும் தேயிலைக்குமாக நம் முன்னோர் மலையைக் குடைந்து அமைத்த தோட்டப் பாதைகளைத் தேடி இன்று வெளிநாட்டார் வருகின்றனர். 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட 'பீக்கோ டிரெயில்' அத்தகைய பழம்பாதைகளை இணைத்தே அமைந்தது. அப்பாதைகளில் நாமும் உல்லாசமாய் உலாவுதல் முறையே. ஆனால் கொழுந்துக் கூடையுடன் எதிர்வரும் தாய்க்கும் பள்ளி செல்லும் பிள்ளைக்கும் வழிவிட்டு ஓட்டுவதே அழகு. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்தில் ஒருவன் கையொடிந்து கிடந்தால் வீடே படுத்துவிடும். எனவே, வாலிபத் தோழர்காள், பணம் போதாதெனின் வில்லைக் குறையுங்கள், வர்ணத்தைக் குறையுங்கள். பிரேக்கையும் தலைக்கவசத்தையும் குறையாதீர்கள். ஏறத் தெரிந்தவன் மட்டுமல்லன், நிற்கத் தெரிந்தவனே மலைக்கு உரியவன்.