சிறிய பெற்றோல் ஜீப்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் அதன் சுற்றாடற் செயற்பாடு

சிறிய பெற்றோல் ஜீப் என இக்கட்டுரை குறிப்பது, ஏறத்தாழ 4 மீற்றர் நீளமும் ஒரு தொன் அளவு நிறையும் 1000 சீசீயை ஒட்டிய எஞ்சினும் கொண்டு, தரையிலிருந்து சற்று உயர்ந்து நிற்கும் காரை. 2019 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ரொயோட்டா றைஸ் இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு: 996 சீசீ, மூன்று சிலிண்டர், ரேர்போ. ஜப்பானிய சோதனை முறையில் முன்சில்லு இயக்க வகை லீற்றருக்கு 18.6 கிலோமீற்றர் ஓடுகிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளிவரும். எனவே கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 125 கிராம். 2021 நவம்பரில் வந்த அதன் 1.2 லீற்றர் ஹைபிரிட் வகை லீற்றருக்கு 28 கிலோமீற்றர் ஓடி 83 கிராமோடு நிற்கிறது.

வகைப்பாடும் வரியும்

எஞ்சின் ஏன் 996 சீசீயில் நிற்கிறது என்பதற்கு விடை பெரும்பாலும் வரிச்சட்டத்தில் இருக்கிறது. ஜப்பானின் ஆண்டு வாகன வரியில் 1000 சீசீ ஒரு படி. இலங்கையின் இறக்குமதி உற்பத்தி வரியிலும் அது ஒரு படி. இலங்கை வரி, வாகனம் எவ்வளவு பெற்றோல் குடிக்கிறது என்று பார்ப்பதில்லை. சிலிண்டர்களின் கொள்ளளவைப் பார்க்கிறது. சிறிய எஞ்சினுக்கு ரேர்போ பூட்டிப் பெரிய எஞ்சினின் வலுவை எடுக்கும் இக்காலத்தில் அந்த அளவுகோல் பழுதுபட்டது.

புகையைப் பற்றிய சட்டம் இதைவிடப் பழையது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபை அமைந்தது. 2002 யூனில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. இலங்கை வாகனச் சுற்றாடல் வரலாற்றில் இதற்கு ஈடான நடவடிக்கை வேறில்லை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. அத்துடன் புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் ஊக்கல் மாற்றியை விரைவிலேயே செயலிழக்கச் செய்வது. ஈயம் போன பிறகுதான் அந்த மாற்றி இந்நாட்டில் பயன்தரத் தொடங்கியது. 2003 இல் காற்று, எரிபொருள், வாகன இறக்குமதித் தராதர ஒழுங்குவிதிகள் வந்தன. 2008 நவம்பரில் மேல் மாகாணத்தில் தொடங்கிய கட்டாயப் புகைப் பரிசோதனை படிப்படியாக மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது.

பெற்றோல் வாகனத்தில் இப்பரிசோதனை காபனோரொட்சைட்டையும் எரியாத ஐதரோகாபனையும் அளக்கிறது. வாகனம் நின்ற நிலையில், முதலில் வெறுமனே இயங்கும் வேகத்திலும் பின்னர் நிமிடத்துக்கு 2500 சுற்றிலும் எஞ்சின் ஓடும்போது வாயு எடுக்கப்படுகிறது. நைதரசன் ஒட்சைட்டுகளுக்கு எல்லை இல்லை, காபனீரொட்சைட்டுக்கும் இல்லை. ஆகவே சான்றிதழ் சொல்வது எஞ்சின் ஒழுங்காக எரிக்கிறது என்பதை மட்டுமே. எவ்வளவு எரிக்கிறது என்பதை அது சொல்வதில்லை. புகைப் பரிசோதனையில் தேறிய வாகனத்தைச் சுற்றாடலுக்கு உகந்தது என்று அழைப்பது தவறு.

அந்த இடைவெளியை நிரப்ப வந்தது 2019 ஆம் ஆண்டின் காபன் வரி. ஐந்து ஆண்டுக்கு உட்பட்ட பெற்றோல் வாகனத்துக்கு சீசீக்கு 50 சதம், ஹைபிரிட்டுக்கு 25 சதம். பழைய வாகனத்துக்குக் கூடுதல். மின் வாகனத்துக்கு விலக்கு. 996 சீசீ பெற்றோல் வாகனத்துக்கு ஆண்டுக்கு 498 ரூபா. ஒருவரின் பழக்கத்தை மாற்றப் போதாத தொகைதான். ஆயினும் பழைய வாகனத்துக்கு அதிக விலை என்ற கொள்கை சரியானது. 2020 இல் அது நீக்கப்பட்டது நாட்டுக்கு இழப்பு.

2022 யூலையில் கியூ.ஆர். குறியீட்டு முறையில் வந்த எரிபொருள் பங்கீடு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என வரையறுத்தது. அதாவது 46 கிலோகிராம் காபனீரொட்சைட்டு. அந்நியச் செலாவணி இல்லாமையால் வந்த ஏற்பாடு அது. நோக்கம் சுற்றாடல் அல்ல. ஆனால் ஒரு வாகனம் ஒரு வாரத்தில் இவ்வளவுதான் எரிக்கலாம் என்ற எல்லையை நடைமுறையில் போட்டது அது மட்டுமே. 2023 செப்ரெம்பரில் அது கைவிடப்பட்டது.

வாவியும் வாகனமும்

மட்டக்களப்பு வாவி தெற்கு வடக்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு, கிழக்கே எழுவான்கரையையும் மேற்கே படுவான்கரையையும் பிரிக்கிறது. நிலம் தட்டை, ஏற்றம் ஏற எரிபொருள் செலவழிவதில்லை. தூரம்தான் இங்கு பெற்றோலைத் தின்கிறது. மண்முனைப் பாலம் 2014 இல் ஜப்பானிய உதவியுடன் திறக்கப்படும்வரை, கொக்கட்டிச்சோலையிலிருந்து ஆரையம்பதிப் பக்கம் வருபவர் துறையில் ‘பாதை’ எனப்படும் வாகன மிதவைக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் வலையிறவு வழியாக நகரைச் சுற்ற வேண்டியிருந்தது. 1924 இல் கட்டப்பட்ட கல்லடிப் பாலத்தில் ஒரு திசை வாகனங்கள் கடக்கும்வரை மறுதிசை எஞ்சின் அணைக்காமல் நின்றது. 2013 இல் அருகே புதிய பாலம் திறந்ததும் அது முடிந்தது. இவ்விரு பாலங்களும் மிச்சப்படுத்திய பெற்றோலை எந்தப் புதிய எஞ்சினும் இப்பகுதிக்கு மிச்சப்படுத்தியதில்லை. ஆனால் மண்டூருக்கும் குருமன்வெளிக்கும் இடையில் பாதை தொடர்ந்து ஓடியது.

நகரத்துள் நிலைமை வேறு. ஊக்கல் மாற்றி ஏறத்தாழ 250 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான் வேலை செய்யும். புளியந்தீவுக் கந்தோரிலிருந்து சந்தைக்கும் சந்தையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் என்று சிறு ஓட்டங்களாக ஓடும் வாகனத்தில், எஞ்சின் ஆறி ஆறித் தொடங்கும் ஒவ்வொரு முறையும் முதற் சில நிமிடப் புகை ஏறக்குறைய சுத்திகரிக்கப்படாமலே வெளியேறும். கடற்காற்றின் உப்பு புகைக்குழாயை அரிக்கிறது. மாற்றிக்கு முன்னால் சிறு துவாரம் விழுந்தாலே வெளிக்காற்று புகுந்து ஒட்சிசன் உணரியைக் குழப்பும். எஞ்சின் தேவைக்கு மேல் பெற்றோலைச் சிந்தும். வாவிக் கரையில் வாகனம் வைத்திருப்பவர் பரிசோதனைத் திகதிக்குக் காத்திராமல் குழாயைப் பார்ப்பது அவசியம்.

எழுவான்கரை மணற்பாங்கானது, கிணறுகள் ஆழமற்றவை. எஞ்சின் ஒயில் மாற்றும்போது மண்ணில் ஊற்றப்படும் ஏறத்தாழ 3 லீற்றர் கழிவொயிலுக்கும் குடிநீருக்கும் நடுவே இருப்பது சில அடி மணல்தான். வாவியின் வாய்கள் பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கோடையில் மணல் திட்டால் அடைபடுகின்றன. வடிகால் வழி வந்த ஒயிலும் ரயர்த் துகளும் மாரி வந்து வாய் திறக்கும்வரை உள்ளேயே தங்கும். கிலோமீற்றருக்கு 125 கிராம் என்ற கணக்கில் இவை எதுவும் வருவதில்லை.

தற்போதைய நிலை

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. றைஸ் அதிகமாக வந்திறங்கும் வாகனங்களுள் ஒன்று.