நாலரை லட்சம் கனஅடி: 1924 ஆடியில் வந்த காவிரி

1924-ம் ஆண்டு ஆடி பிறந்தபோது காவிரியின் குறுக்கே மேட்டூர் அணை இல்லை. பவானி ஆற்றில் பவானிசாகர் இல்லை. கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜ சாகர் எழும்பிக்கொண்டிருந்தது, வேலை முடிந்திருக்கவில்லை. குடகில் பெய்த மழை காவிரியிலும், வயநாட்டில் பெய்த மழை கபினியிலும், நீலகிரியில் பெய்த மழை பவானியிலும் தடுப்பார் இல்லாமல் இறங்கின. முதல் இரண்டும் திருமகூடலு நரசிபுரத்தில் கலந்து, ஒகேனக்கல் பாறைகளைத் தாண்டி வந்தன. மூன்றாவது, பவானி கூடுதுறையில் வந்து சேர்ந்தது. அதற்குக் கீழே இருக்கிற குமாரபாளையம், பள்ளிபாளையம், சோழசிராமணி, ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் என்று எந்தக் கரையூருக்கும் தப்ப வழியில்லை. மூன்று மலைகளின் தண்ணீரையும் அவர்கள் ஒன்றாகத்தான் பார்த்தார்கள்.

அந்த ஜூலை மாதம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மேல் வந்து நின்ற மழை வாரக்கணக்கில் விலகவில்லை. மலைக்கு மேற்கே என்ன நடந்தது என்பதைக் கேரளத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள். கொல்லம் ஆண்டு 1099 என்பதால் அவர்களுக்கு அது ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’. பழைய மூணாறு நகரம் அதில் அழிந்தது. தேயிலைப் பெட்டிகளை ஏற்றிச் சென்ற குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதை அடித்துச் செல்லப்பட்டது. மறுபடி யாரும் அதைப் போடவில்லை. 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது, அங்கே பத்திரிகைகளும் பாட்டிமார்களும் முதலில் எடுத்துப் பேசியது தொண்ணூற்றொன்பதைத்தான். 94 ஆண்டுகள் கழித்தும் அது அவர்களுக்கு அளவுகோலாக இருந்தது.

மலைக்குக் கிழக்கே இறங்கியதும் அதே மழைதான். 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்தும் இரண்டு லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். நம் கரைகளில் அன்று எத்தனை பேர் 1924-ஐ நினைத்தார்கள்? ஒரே மழையின் ஒரு பாதியை ஒரு மாநிலம் நூறாண்டாகப் பாதுகாத்து வைத்திருக்கிறது. மறு பாதியை நாம் தொலைத்துவிட்டோம். இந்த வாரம் எழுதுவதற்குக் காரணமே அந்த ஆதங்கம்தான்.

காவிரியில் அன்று வந்த உச்ச அளவு சுமார் நாலரை லட்சம் கனஅடி. வினாடிக்கு ஒரு கனஅடி என்றால் 28 லிட்டருக்குச் சற்று அதிகம். அந்த வேகத்தில் ஒரு நாள் முழுக்க ஓடினால் 39 டி.எம்.சி.; இன்றைய மேட்டூர் அணை 120 அடிக்கு நிரம்பினால் கொள்வது 93.47 டி.எம்.சி. அதாவது காய்ந்து கிடக்கும் மேட்டூர் அணையை இரண்டரை நாளுக்குள் ததும்ப வைக்கும் தண்ணீர் அது. கரையில் வாழ்கிறவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். செய்தியில் “ஒரு லட்சம் கனஅடி திறப்பு” என்று கேட்டாலே குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் ஆற்றோரத் தெருக்காரர்கள் சாமான்களை மூட்டை கட்ட ஆரம்பிக்கிறார்கள். அதைப் போல நாலரை மடங்கு.

அந்த ஆண்டில் இன்னொரு நிகழ்வும் உண்டு. வெள்ளத்துக்கு ஐந்து மாதம் முன்பு, 1924 பிப்ரவரி 18-ம் தேதி, சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் காவிரி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. தண்ணீர் போதாமல் போகும் காலத்துக்காகப் பல ஆண்டுகள் பேசிப் பேசி முடித்த ஒப்பந்தம் அது. நம் காவிரி அரசியல் வரலாறு அந்தத் தேதியை வரி வரியாக நினைவில் வைத்திருக்கிறது. அதே ஆண்டு ஆடியில் ஆறு என்ன செய்தது என்பது அந்த வரலாற்றின் அடிக்குறிப்பில்கூட அபூர்வமாகத்தான் தென்படுகிறது. காவிரி என்றாலே பற்றாக்குறை என்று பழகிவிட்டோம். பெருக்கும் அதே ஆற்றின் குணம்தான்.

ஒப்பந்தம் கையெழுத்தானதால் மேட்டூரில் அணை கட்டும் வழி திறந்தது. 1925 ஜூலை 20-ம் தேதி வேலை தொடங்கியது. முந்தைய ஆடியின் சேறு பல இடங்களில் காய்ந்தும் காயாமலும் இருந்திருக்கும். பொறியாளர்களின் மேசையில் அந்த வெள்ளத்தின் கணக்கு புதிதாக இருந்தது. இப்படி ஒரு வெள்ளம் திரும்பி வந்தாலும் அணை நிற்க வேண்டும், தண்ணீர் அணைக்கு மேலே ஏறி வழியக் கூடாது என்பது அவர்கள் முன்னிருந்த கேள்வி. அதற்கான விடையை இன்றும் மேட்டூரில் கண்ணால் பார்க்கலாம். 5,300 அடி நீள அணையிலிருந்து விலகி, இடதுபுறக் குன்றுகளுக்கு இடையே இருக்கும் 16 கண் மதகுதான் அது. ஒவ்வொரு கண்ணும் 60 அடி அகலம், 20 அடி உயரம். திட்டத்தை வடிவமைத்த எல்லிஸ் துரையின் பெயரில் ‘எல்லிஸ் உபரிநீர்ப் போக்கி’ என்று அரசு ஏடுகளில் இருக்கும். அணை நிரம்பினால் வெள்ளம் இதன் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்ப் பழைய ஆற்றில் சேரும். மேட்டூருக்குச் சுற்றுலா போகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1924 ஆடி வெள்ளத்துக்கு நம் பக்கத்தில் ஒரு நினைவுச் சின்னம் உண்டென்றால் அது அந்த மதகுதான். அங்கே அதைச் சொல்லி ஒரு கல்வெட்டு வைக்கலாம்.

1934 ஆகஸ்ட் 21-ல் அணை திறக்கப்பட்டது. அப்போதைய ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் நீர்த்தேக்கத்துக்குச் சூட்டப்பட்டது. டெல்டாவுக்கு அது என்ன செய்தது என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நம் கரைக்கு அது செய்தது வேறு: ஆடி வெள்ளத்தின் பயத்தைப் போக்கியது. அதுவரை ஆண்டுதோறும் ஆறு எங்கே வரை ஏறும், எந்த வயலில் மண் தள்ளும், எந்தக் கொடிக்காலை அறுத்துப் போகும் என்று பார்த்துப் பார்த்து வீடு கட்டியவர்கள் இந்தக் கரைக்காரர்கள். அணை வந்த பிறகு தண்ணீர் தேதி சொல்லித் திறக்கப்பட்டது. இரண்டு தலைமுறை போனதும், ஆறு தனக்கென்று வைத்திருந்த படுகை நிலம் சும்மா கிடக்கும் இடமாகத் தெரிய ஆரம்பித்தது. அங்கே பட்டறை வந்தது, தெரு வந்தது, பட்டா வந்தது.

ஜேடர்பாளையம் இந்த விஷயத்தில் கவனிக்க வேண்டிய ஊர். இங்கே ஆற்றின் குறுக்கே இருப்பது படுகை அணை. மேட்டூர் போல வெள்ளத்தைத் தேக்கி வைக்கிற அணை இல்லை. ஆற்று மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி, பக்கவாட்டில் வாய்க்காலுக்குத் தண்ணீர் தள்ளுகிற அணை. இங்கிருந்து ராஜவாய்க்கால் கிளம்புகிறது. குமாரபாளையம் வாய்க்கால், பொய்யேரி வாய்க்கால், மோகனூர் வாய்க்கால் என்று அதன் தொடர்ச்சியாகப் பாய்கிற கால்கள் பரமத்தி வேலூர் வட்டாரத்தின் வெற்றிலைக்கும் வாழைக்கும் கரும்புக்கும் உயிர். பிலிக்கல்பாளையம் சந்தைக்கு வருகிற வெல்லத்தில் இந்தத் தண்ணீர்தான் இருக்கிறது. 17-ம் நூற்றாண்டில் பரமத்திப் பகுதியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர் ராஜவாய்க்காலை வெட்டுவித்தார் என்பது இந்த மண்ணின் வழிவழிச் செய்தி. ஜேடர்பாளையத்தில் அவருக்குச் சிலையும் உண்டு.

அந்தக் காலத்துக்காரர்களின் அறிவு இந்தப் படுகை அணையின் வடிவத்திலேயே தெரிகிறது என்பது என் கருத்து. வெள்ளத்தை எதிர்த்து நிற்க அவர்கள் முயலவே இல்லை. பெருக்கு வந்தால் தண்ணீர் தலைக்கு மேலே ஏறிப் போகட்டும். வடிந்ததும் வாய்க்காலுக்கு மறுபடி பாயட்டும். வெள்ளம் வரும் என்பதை ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு அது. அணைக்கு மேலே ஊராட்சிக்கோட்டை, சோழசிராமணி என்று வரிசையாக நிற்கும் மின் கதவணைகளும் அப்படித்தான்: பெரு வெள்ளத்தில் கதவுகளைத் தூக்கிவிட்டு ஆற்றுக்கு வழிவிட வேண்டியதுதான்.

மேட்டூருக்குப் பிறகு நாலரை லட்சம் திரும்ப வரவில்லை. ஆனால் ஆறு சும்மா இருந்ததும் இல்லை. 1961-ல் மேட்டூரிலிருந்து மூன்று லட்சம் கனஅடிக்கு மேல் வெளியேறியது; அணையின் வரலாற்றில் அதுவே உச்சம். 2005 ஐப்பசியில் சுமார் 2.4 லட்சம். 2018, 2019, 2022 என்று ஆகஸ்ட் மாதங்களில் வரத்து மறுபடி மறுபடி இரண்டு லட்சத்தைத் தாண்டியது. மேட்டூர் இருக்கும்போது ஏன் இப்படி என்று கேட்கிறவர்கள் உண்டு. அணை காலியாக இருந்தால்தான் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும். நிரம்பி நிற்கும் அணைக்கு இரண்டு லட்சம் வந்தால் இரண்டு லட்சத்தையும் திறந்துவிடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. அந்த நேரத்தில் பவானிசாகரும் நிரம்பியிருந்தால் அதன் தண்ணீரும் கூடுதுறையில் சேரும். அப்போது ஜேடர்பாளையத்தில் 1924-ல் இருந்த நிலைமைதான்: மூன்று மலையின் தண்ணீரும் ஒன்றாக. 2018-ல் அதே பெருக்குக்குப் பிறகு முக்கொம்பில், ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டிய மேலணையின் கொள்ளிட மதகுகளில் பல சரிந்து விழுந்ததை ஊரே பார்த்தது.

வெள்ளம் ஆடிக்கு மட்டும் உரியதும் இல்லை. 1977 நவம்பர் 12-ல் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலின் மழை, கோரையாறு வழியாகத் திருச்சியை மூழ்கடித்தது. 2024 கார்த்திகையில் ஃபெஞ்சல் புயல் கரையேறி உள்ளே நகர்ந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை, ஏற்காட்டில் 24 செ.மீ. அளவுக்குப் பெய்து, திருமணிமுத்தாறு சேலத்தைக் கலக்கியது. அந்தத் திருமணிமுத்தாறு வந்து காவிரியில் விழுவது நம் நன்செய் இடையாற்றில். தென்பெண்ணையில் சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலை 1.68 லட்சம் கனஅடி திறந்தார்கள். மேட்டூர் அணையால் தடுக்க முடியாத வெள்ளங்கள் இவை எல்லாம்.

உலகத்தின் பெரிய நகரங்கள் இப்படிப்பட்ட நாள்களை எப்படி வைத்துக்கொள்கின்றன என்று பார்த்தால் நமக்கு ஒரு பாடம் கிடைக்கும். நியூயார்க்கில் 1888 மார்ச் மாதம் அடித்த பனிப்புயலில் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் சுமார் 400 பேர் இறந்தார்கள். தெருவெங்கும் தொங்கிய தந்திக் கம்பிகள் அறுந்து நகரமே ஊமையானது. அதற்குப் பிறகுதான் அந்த நகரம் கம்பிகளை மண்ணுக்குள் இறக்கும் வேலையைத் தீவிரப்படுத்தியது. 1904-ல் திறந்த சுரங்க ரயிலுக்கும் அந்த நாள்களின் அனுபவம் ஒரு தூண்டுதல். பனி எந்த ஆண்டு எத்தனை அங்குலம் விழுந்தது என்று அங்கே சாதாரண ஆளும் பேசுவார். பாரிஸில் 1910 ஜனவரியில் சேன் ஆறு பெருகி, ஆஸ்டர்லிட்ஸ் பாலத்து அளவுகோலில் 8.62 மீட்டர் தொட்டது. அல்மா பாலத்தடியில் நிற்கும் போர்வீரன் சிலையின் தோள் வரை தண்ணீர் ஏறியது. இன்றும் ஆறு ஏறினால் பாரிஸ்காரர்கள் அந்தச் சிலையின் கால் நனைந்ததா, முழங்கால் நனைந்ததா என்றுதான் பார்க்கிறார்கள். நகரச் சுவர்களில் 1910 என்று ஆண்டு போட்டு நீர்மட்டக் குறிகளும் இருக்கின்றன. அந்தக் குறிகளைத் தாண்டி யாரும் “இங்கே தண்ணீர் வராது” என்று சொல்லி மனை விற்க முடியாது.

நமக்கு அப்படி ஒரு குறி எத்தனை ஊரில் இருக்கிறது? வேண்டியது அதிகமில்லை. ஆற்றோரக் கோயில் சுவரிலோ பள்ளிக்கூடத் தூணிலோ படித்துறையிலோ ஒரு கோடு. பக்கத்தில் ஆண்டு, மாதம், அன்று மேட்டூரில் திறந்த அளவு. 2005-ஐயும் 2018-ஐயும் 2022-ஐயும் கண்ணால் பார்த்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். 1961-ஐப் பார்த்தவர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்; எண்பதைத் தொட்டிருப்பார்கள். 1924-ஐத் தம் அப்பாவோ அப்புச்சியோ சொல்லிக் கேட்டவர்கள் அவர்கள்தான். அவர்களும் போய்விட்டால் கேட்க ஆள் கிடையாது.

ஜேடர்பாளையம் முதல் மோகனூர் வரை கரையில் இருக்கிற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற ஆகஸ்ட் 15 கிராமசபைக் கூட்டம் சரியாக வெள்ளக் காலத்தில்தான் வருகிறது. அங்கே எழுந்து நின்று, நம் ஊரில் தண்ணீர் ஏறிய மட்டத்தைக் கல்லில் குறிக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். அதற்கு முன்பாக உங்கள் தெருவில் இருக்கிற பெரியவரிடம் போய், ஆறு எதுவரை வந்தது என்று கேட்டு, அவர் கையாலேயே இடத்தைக் காட்டச் சொல்லி எழுதி வையுங்கள். இந்த ஆடிக்குள் செய்துவிடுங்கள்.

(தொடரும்)